பம்ப்பைக் குறை சொல்லாத அண்ணன்

டீசல் வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றுபோனால் எல்லாரும் முதலில் பம்ப்பைத்தான் திட்டுவார்கள். ஓட்டுகிறவன் திட்டுவான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் திட்டுவான், சும்மா ஓரங்கட்டின லோரிக்காரன்கூட இறங்கி வந்து எட்டிப் பார்த்து, "பம்ப்பு ரோசாக்லா, கெட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவான். ஈப்போ பக்கத்துச் சிலிபினில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் மட்டும் திட்டமாட்டார். பானட்டைத் திறந்து ஒருமுறை பார்ப்பார். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் நடந்துவிடுவார். எண்ணெய்த் தொட்டி அங்கேதானே இருக்கிறது.

"பம்ப்பு மேல பழி போடாதீங்க தங்கச்சி. அதுக்கு வர்றது வந்தாத்தான் அது கொடுக்கும்" என்பார்.

அவர் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இப்போதும் சொல்வதாக இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு வண்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். சட்டையில் டீசல் வாடை போகவே போகாது. எனக்கு அவர் அண்ணே, அவ்வளவுதான்.

எழுபதுகளில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய டீசல் பிக்கப்பில் காய்கறியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு, சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விற்றுக்கொண்டிருந்தோம். ஓட்டினது நான். சிரிக்க வேண்டாம். லைசென்ஸ் எடுக்க இரண்டு பேரும்தான் போனோம். மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னபோது, அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்றுவிட்டார். எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் கையில் தராசு, என் கையில் ஸ்டேரிங்.

அந்த வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. சாயங்காலம் ஒழுங்காக ஓடி வந்து வாசலில் நிற்கும். காலையில் சாவியைத் திருகினால் இஞ்சின் சுற்றும், சுற்றும், பற்றாது. பாட்டரி சாகிற வரைக்கும் சுற்றும். தோட்டத்துப் பெண்கள் ரப்பர்ப் பால் எடுத்து எடை போட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்புகிற நேரத்துக்கு நான் அங்கே போய் நின்றாக வேண்டும். போகாவிட்டால் எனக்காகச் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? கீரை வாடிப்போகும், என் பேரும் கெட்டுப்போகும். தெருவே "பம்ப்பு போச்சு" என்றது. என் வீட்டுக்காரரும் சொன்னார். பம்ப் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னார்.

அண்ணன் ஒரு காலி ரோஸ் சிரப் பாட்டிலோடு வந்தார். அதில் டீசலை நிரப்பி, மூடியில் சின்னக் குழாய் ஒன்றைச் செருகி, பானட் கொக்கியில் தலைகீழாகக் கட்டினார். தொட்டியிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாட்டில் குழாயை நேராகப் பம்ப்புக்குக் கொடுத்தார். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்ப்பை அமுக்கி அமுக்கி, நுரைத்துக்கொண்டு வந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார். நுரை நின்று எண்ணெய் சுத்தமாக வந்ததும் இறுக்கினார்.

"இப்ப எடுங்க."

திருகின உடனே பற்றிக்கொண்டது.

"பாத்தீங்களா? பாட்டில்ல கொடுத்தா குடிக்குது. தொட்டியிலருந்து வந்தா குடிக்கல. அப்ப குத்தம் யாரு மேல?"

"தொட்டி மேல."

"அவசரப்படாதீங்கலா. தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவுல எங்கியோ."

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு கிளிப்புக்கு அடியில் ரப்பரில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஒழுகவே இல்லையேண்ணே!" என்றேன்.

"ஒழுகுற ஓட்டைய யாரும் கண்டுபிடிச்சிரலாம். இது உள்ளுக்குக் காத்த இழுக்குற ஓட்டை. வெளிய ஒண்ணும் காட்டாது. ராவெல்லாம் நின்னா காத்து ஏறி, எண்ணெ தொட்டிக்கே திரும்பிப் போயிரும். காலையில பம்ப்பு வாயத் தொறந்தா வெறும் காத்து. அது என்ன செய்யும் பாவம்."

பாவம் என்றார், ஓர் இரும்புச் சாமானைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வண்டி மறுநாள் காலையில் ஒரே திருகில் எடுத்தது. அதற்குப் பிறகு சிலிபினில் டீசல் வண்டி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சிரப் பாட்டில்தான் நீதிபதி. பாட்டிலில் ஓடினால் பம்ப் நிரபராதி. பாட்டிலிலும் ஓடவில்லை என்றால் மட்டும்தான் அண்ணன் பம்ப்பை ஏறெடுத்துப் பார்ப்பார். அதுவும் மனமில்லாமல்.

மனுஷர்களிடமும் அவர் அப்படித்தான். மணல் லோரி ஓட்டுகிற ஒருவன், பெரிய வாய்க்காரன், ஒருநாள் ஆட்டம் ஆடிக்கொண்டு வந்தான். எண்ணெய் போட்ட கடைக்காரன் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டானாம், கடையை உடைக்கப்போகிறானாம். அண்ணன் தொட்டியின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வாளியில் பிடித்தார். தண்ணீர்தான் வந்தது. வாய்க்காரன் கம்பியைக் கையில் எடுத்துவிட்டான். அண்ணன் தொட்டியின் வாயைக் காட்டினார். மூடி எப்போதோ தொலைந்துபோய், அந்த இடத்தில் பழைய பனியன் ஒன்றைச் சுருட்டி அடைத்திருந்தது.

"பனியன வச்சி அடச்சது நீ. மழை பேஞ்சா உள்ளுக்குத் தண்ணி வராம வேற என்னா வரும்? கடைக்காரன் மேல ஏன்யா பாயுற?"

வாய்க்காரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதை மறைக்க அண்ணனின் சொந்த வண்டிமேல் பாய்ந்தான்.

அண்ணனின் பிக்கப்பைப் பற்றி நான் சொல்லவில்லையே. அது எங்கள் வண்டியைவிடக் கிழடு. அது வருவது தெருமுனையிலேயே தெரியும். கடகட கடகட என்று தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம், நடுநடுவே ஹுக்கென்று ஓர் இருமல். எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றால், அவர் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் நான் கோப்பிக்குத் தண்ணீர் வைத்திருப்பேன். என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, அந்தச் சத்தம் கேட்டுச் செத்தவன்கூட எழுந்துகொள்வான். ஊர் வண்டியையெல்லாம் பூனைபோல ஓடவைக்கிறவர் தன் வண்டியை மட்டும் ஏன் இப்படி வைத்திருக்கிறார் என்று நாங்கள் எல்லாருமே கேலி செய்திருக்கிறோம். "ஓடுதுல்ல, போதும்லா" என்று முடித்துவிடுவார்.

வாய்க்காரன் சொன்னான்: "எங்க வண்டியெல்லாம் கிடக்கட்டும். உங்க வண்டி கத்துற கத்தலுக்கு அத தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்!"

பைத்தியம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் அதைத்தான் சொல்வார்கள். அங்கே பெரிய மனநோய் மருத்துவமனை இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அங்கதான் போயிட்டு வருது."

கோபமே இல்லை அந்தக் குரலில். கேட்டவனுக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நான் போகவில்லை. எனக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும், அதுதான் என் குணம். "யாருண்ணே அங்க?" என்றேன்.

"உங்க அண்ணிதான்."

அன்று அவர் சொன்னதும், பிறகு விட்டுவிட்டுச் சொன்னதுமாக நான் கோத்துக்கொண்டது இது. முன்பு அவர் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வண்டி ஓட்டினார். இதே பிக்கப். பால் டின்களை மரம் வெட்டிப் பாலெடுக்கிற காட்டிலிருந்து ஸ்டோருக்கு ஏற்றிவருகிற வேலை. தோட்டத்தில் இஞ்சின் பார்க்கிற பிட்டர் எவனோ எப்போதோ பம்ப்பைக் கழற்றி மாட்டும்போது அதை மாட்டவேண்டிய அடையாளக் கோட்டில் மாட்டாமல் கொஞ்சம் திருப்பி மாட்டிவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கடகட. போதாக்குறைக்கு இஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சுகிற நோசல் ஒன்று தேய்ந்து, அதனால் அந்த இருமல். அண்ணிக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அந்தச் சத்தம் பழக்கம். வண்டி கோயில் வளைவு திரும்பும்போதே லயத்தில் காதில் விழும். உடனே கோப்பிக்குத் தண்ணீர் வைப்பாராம். இவர் படியில் கால் வைக்கும்போது கோப்பி கையில் இருக்குமாம்.

"ஒரு நாளுகூட நான் காத்திருந்து குடிச்சதில்ல தங்கச்சி" என்றார்.

அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, தங்கவில்லை. அண்ணி அழவில்லையாம். சமைத்தார், துவைத்தார், பால் வெட்டப் போனார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒருநாள் அடுப்பை எரியவிட்டுக் காட்டுக்குள் நடந்துபோனவரை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான். அண்ணி அங்கே போன பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஈப்போவுக்கும் சிலிபினுக்கும் வந்தார்கள். கிளம்புகிறபோது அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டது ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த இந்த வண்டி ஒன்றைத்தான்.

"அவ யாரு கூப்பிட்டாலும் அசையமாட்டா. அங்க பாத்துக்கிற நர்ஸ் மிசி சொன்னாங்க. ஆனா இந்த வண்டி கேட்டுல திரும்பினா போதும், எழுந்து தலைய ஒதுக்கிக்கிட்டு வேலி ஓரம் வந்து நிப்பா. அதுக்கப்புறந்தான் அன்னைக்கு ரெண்டு வாய் சோறு இறங்கும். இதப் போயி ரிப்பேர் பண்ணச் சொல்றீங்களே" என்றார்.

அன்றோடு நான் கேலியை விட்டேன். அடுத்தவன் கேலி செய்தாலும் விடுவதில்லை.

வருஷங்கள் ஓடின. எண்பதுகள் வந்தபோது அந்த வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மேட்டில் ஏறாது. சூடானால் நின்றுவிடும், ஆறின பிறகுதான் எடுக்கும். அண்ணன் தன் வழக்கப்படி பின்னாலிருந்து தொடங்கினார். தொட்டியை இறக்கிக் கழுவினார். குழாய் முழுக்கப் புதிதாகப் போட்டார். பில்ட்டர் மாற்றினார், செம்பு வாஷர் மாற்றினார், மறுபடியும் தொட்டியை இறக்கினார். இத்தனை செய்தவர் அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. சிரப் பாட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அடுத்தவர் வண்டிக்கு எடுப்பார், துடைத்து மாட்டுவார். தன் வண்டிக்கு எடுக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கென்று சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து, தூக்குச்சட்டியோடு நானும் அவர் வண்டியில் ஏறினேன். தம்பூன் தாண்டி, சுண்ணாம்பு மலை பக்கத்தில் வருகிற இடத்தில் வண்டி இழுத்து இழுத்து நின்றது. நல்ல வெயில். அண்ணன் இறங்கி, பானட்டைத் திறந்துவிட்டு, பின்பக்கமாக நடந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கண்ணே போறீங்க? அங்க என்னா இருக்கு இன்னும் மாத்துறதுக்கு? பாட்டில எடுத்துக் கட்டுங்க!"

"பாட்டில் கொண்டுவரல."

"சீட்டுக்கு அடியில நான் கொண்டாந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. ஆஸ்பத்திரியில் உள்ளே போகச் சொல்லிக் கூப்பிட்டால் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பாட்டிலைக் கட்டினார். குழாயைக் கொடுத்தார். காற்றை எடுத்தார். நான்தான் சாவியைத் திருகினேன். இஞ்சின் பற்றியது, கொஞ்ச நேரம் கடகடத்தது, சுருதி இறங்கி இறங்கி நின்றது. பாட்டிலில் எண்ணெய் அப்படியே இருந்தது. மறுபடி காற்றை எடுத்தார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை காற்றெடுக்க அவர் கை வரவில்லை. ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பம்ப்புதான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அப்படி நான் கேட்டதே இல்லை.

அந்த வழியாக வந்த ஒரு மலாய்க்காரத் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். தூக்குச்சட்டியைக் கொடுத்து அண்ணனைப் பின்னால் ஏற்றி அனுப்பினேன். வண்டிக்குக் காவலாக நான் அங்கேயே இருந்தேன். அவர் திரும்பி வந்தபோது தூக்குச்சட்டி கனமாகவே இருந்தது.

"எழுந்து வரல தங்கச்சி. கட்டில்ல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

பம்ப்பை ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோனோம். பம்ப் வேலை மட்டுமே பார்க்கிற கடை முதலாளி. பிரித்துப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். இத்தனை தேய்மானத்தோடு இது இவ்வளவு நாள் ஓடினதே அதிசயம் என்றார். உள் சாமான்களை மாற்றி, நோசல்களையும் புதிதாகப் போட்டு, அவரே வண்டியில் மாட்டிக் கொடுத்தார். மாட்டவேண்டிய கோட்டில் சரியாக மாட்டினார். சாவியைத் திருகினால், அடடா, தையல் மெஷின்கூட அதைவிடச் சத்தம் போடும். தவுக்கே கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "பாகுஸ்லா!" என்றார். அவர்மேல் என்ன குற்றம்? நல்ல வேலைக்காரர், நல்ல வேலை செய்தார். அண்ணன் தலையாட்டி நன்றி சொன்னார். பழைய நோசல்களை மட்டும் கேட்டு வாங்கிப் பேப்பரில் சுற்றிக்கொண்டார்.

அந்த ஞாயிறும் தூக்குச்சட்டி கனமாகவே திரும்பியது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அண்ணி தண்ணீரோடு சரி, இளைத்துக்கொண்டே போகிறார், மிசிகள் ஊட்டிப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் நான் போனபோது அண்ணன் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பம்ப்பை இஞ்சினோடு பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, பம்ப்பை லேசாக இஞ்சின் பக்கம் திருப்பி, மறுபடி இறுக்கினார். "ஸ்டார்ட் பண்றேன். கேளுங்க. உங்களுக்குத் தெரியும்ல அந்தச் சத்தம்" என்றார்.

எனக்கா தெரியாது? முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி கொஞ்சம் கடகடத்தது.

"பத்தாதுண்ணே. இன்னும் முரட்டுத்தனமா இருக்கும்."

இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"ஐயோ, இது ரொம்ப. சம்மட்டியால அடிக்குது."

பின்னால் திருப்பினார். அன்று நான் காய்கறி ஏற்றப் போகவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்கிற வண்டியை ரெண்டு பேரும் சேர்ந்து கெடுக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். மத்தியானம் ஆனது. கடகட வந்துவிட்டது, ஆனாலும் என்னவோ குறைந்தது. பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

"இருமல் இல்லண்ணே! அந்த ஹுக்கு!"

அண்ணன் ஓடிப்போய்ப் பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தார். தேய்ந்துபோன அந்தப் பழைய நோசலைத் தேடியெடுத்து மாட்டினார். சாவியைத் திருகினார். கடகட கடகட, ஹுக். எனக்குத் தெரியாமலே ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அடுப்படிப் பக்கம் போகத்தான் கால் எழுந்திருக்கிறது.

"இதாண்ணே! இதேதான்!"

அண்ணன் வண்டியை நிறுத்தவில்லை. ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எனக்குப் பயம் வந்தது. "இப்படி ஓட்டினா பிஸ்டன் உடஞ்சிரும்னு நீங்கதானேண்ணே ஊருக்கெல்லாம் சொல்வீங்க?"

"உடையும். அவளுக்கு முந்தி உடையாம இருந்தா போதும்."

அந்த ஞாயிறு நானும் போனேன். எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வண்டி கேட்டில் திரும்பி, மரத்தடியில் போய் நின்றது. அண்ணன் இஞ்சினை உடனே நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் இரும விட்டார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நீளமான வராந்தா. அங்கே கதவோரம் ஒரு மெலிந்த அம்மாள் வந்து நின்றார். கையால் தலையை ஒதுக்கிக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று வேலிக்கு வந்தார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "வந்துட்டாங்கண்ணே, வந்துட்டாங்க" என்று அண்ணனின் முதுகில் தட்டினேன்.

அண்ணன் தூக்குச்சட்டியோடு போய் அவர் எதிரில் நின்றார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார். "எங்க வீட்டுக்காரரு வாராரு. வண்டி சத்தம் கேட்டிச்சி."

அண்ணன் தள்ளி நின்றார்.

"ஆமாம்மா. வாராரு. வண்டிய ஓரங்கட்டிட்டு வாராரு."

"கோப்பிக்குத் தண்ணி வச்சிட்டேன். அவரு வந்தா ஒடனே குடிக்கணும்."

"வந்திருவாரு. அதுவரைக்கும் நீங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க. அவருதான் கொடுத்துவிட்டாரு."

கட்டின பெண்டாட்டியை நீங்க என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒரு வெளியாளைப்போலக் கூச்சத்தோடு கம்பி இடைவெளியில் சோற்றை நீட்டினார். அண்ணி வாங்கிச் சாப்பிட்டார். கண் மட்டும் வண்டியின் கதவை விட்டு நகரவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது தம்பூன் வரைக்கும் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிறகு தாங்கமுடியாமல் கேட்டேன்: "எவ்வளவு நாளாண்ணே இப்படி?"

"ரொம்ப நாளா. அவ மனசுல நான் இன்னும் அந்தத் தோட்டத்து ஆளுதான். கறுத்த முடி, மீசை எல்லாம் வச்சிருந்தேன் அப்ப. இந்தக் கிழவன அவளுக்கு எப்படித் தெரியும்? வண்டி சத்தந்தான் மாறல."

"கல்லு நெஞ்சுண்ணே உங்களுக்கு. எப்படித் தாங்குறீங்க? ஒரு தடவ மூஞ்சியப் பாக்கக்கூடாதா அவங்க?"

அப்போதுதான் என்மேல் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. "அவ மேல பழி போடாதீங்க தங்கச்சி" என்றார். "அவ என்னா குத்தம் செஞ்சா? சத்தம் கேட்டா எழுந்து வாரா. எனக்காகத்தானே வாரா. வேற எவனுக்காகவாச்சும் வாராளா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வண்டி இருமிக்கொண்டே போனது.

அந்தக் கெட்ட வண்டி உடையவில்லை. எப்படி உடையாமல் இருந்ததோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு மழைக்காலத்தில் அண்ணிதான் முந்திக்கொண்டார். காய்ச்சல் என்றார்கள், நெஞ்சுச்சளி என்றார்கள். தன் வண்டியிலேயே அண்ணன் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். வாய்க்காரன் பீடியை மிதித்து அணைத்துவிட்டுத் தலைமாட்டைப் பிடித்து இறக்கினான். அன்று அண்ணன் அழவில்லை. எல்லாருக்கும் ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளுக்குப் பிறகு ஒரு சாயங்காலம். நான் குழாயடியில் கருவாட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் அண்ணன் நிற்கிறார். பின்னால் அவர் வண்டி.

"எப்பண்ணே வந்தீங்க? சத்தமே கேக்கலையே?"

"பம்ப்ப அந்தக் கோட்டுலயே வச்சிட்டேன். நோசலையும் மாத்திட்டேன்" என்றார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப நல்லா ஓடுது."

நான் கோப்பி போட உள்ளே போனேன். அடுப்பு அணைந்து கிடந்தது. கெண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பிடித்து, அடுப்பைப் பற்றவைத்து ஏற்றினேன். அது கொதிக்கிறதாகவே இல்லை. "கொஞ்சம் இருங்கண்ணே, இதோ ஆயிரும்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

"அவசரமில்ல தங்கச்சி. மெதுவா போடுங்க" என்றார்.

வாசற்படியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் கோப்பிக்காகக் காத்திருந்தார்.